இத்தாலி வண்டிக்கு வந்த கெட்ட பெயர்

காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்குக் கார் கொட்டகையைப் பெருக்கப் போனேன். வண்டி கிளம்பிப் போய்ச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. அதன் முன்பக்கம் நின்ற இடத்தில், சிமெண்டுத் தரையில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். முந்தின நாள் வண்டியைக் கழுவிய தண்ணீர் என்று நினைத்துத் துடைப்பத்தால் ஒரு தள்ளு தள்ளினேன். பிறகுதான், ஜூலை மாத வெயிலில் நேற்றைய தண்ணீர் எப்படி இன்னும் காயாமல் இருக்கும் என்று தோன்றியது. குனிந்து தொட்டேன். விரல் ஜில்லென்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரலில் இருந்த ஈரம் காணாமல் போய்விட்டது. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை நான். முகர்ந்து பார்க்க வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. பெட்ரோல்.

அந்த வண்டியில் என் கணவரும் என் மகளும் போய்க்கொண்டிருந்தார்கள்.

இத்தாலியில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. சிவப்பு நிறம், துணிக்கூரை, இரண்டே இருக்கை, இடது பக்கம் ஸ்டியரிங். என் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். பிரான்சின் தெற்குக் கரையில் ஒரு முகாமில் இருந்தபோது யாரோ ஓட்டிச் சலித்த அந்த வண்டியை வாங்கி, ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்துவிட்டார். மற்ற சொல்தாக்கள் பீங்கான் தட்டும் சரவிளக்கும் கொண்டுவந்தார்கள். என் மாமியார் துறைமுகத்திலிருந்து வந்த வண்டியைப் பார்த்துவிட்டு, “இதுல நாங்கல்லாம் எங்கடா உக்காருறது?” என்று கேட்டார். 

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கே அது வேடிக்கை. பக்கத்து வீட்டுக்காரர் பஞ்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக் கார் ஒன்று வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவர் வண்டியின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்திருக்கும்போது, அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மதில் அருகே வந்து நிற்பார். பிரெஞ்சுக்காரரைக் கூப்பிடுவதுபோல் முசியே என்றுதான் கூப்பிடுவார்.

“என்னா முசியே, இன்னிக்கி வண்டி உங்கள இட்டுக்கினு போவுதா, இல்ல நீங்க வண்டிய இட்டுக்கினு போறீங்களா?”

“உம்ம வண்டி எரும மாடுய்யா. எப்ப கூப்புட்டாலும் எந்திரிச்சி வரும். இது குதிர. தெனம் ஓட்டணும், தேய்ச்சி உடணும்.”

“குதிரன்னா சரி. வைத்தியர் கூடவே ஓடி வரணும்போல இருக்கே.”

இருவரும் சிரிப்பார்கள். ஆனாலும் வண்டி கிளம்பும். அதன் குரல் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும். மகள் சிறுமியாக இருந்தபோது அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கடற்கரைச் சாலைவரை போய்வருவாள். நான் வாசலிலேயே நிற்பேன். திரும்பி வரும் சத்தம் கேட்டால்தான் உள்ளே போய் உலை வைப்பேன். அவள் விஷயத்தில் நான் அப்படித்தான். சைக்கிள் கேட்டாள், வாங்கித் தரவில்லை. ஸ்கூட்டர் கேட்டாள், கல்லூரி பேருந்து இருக்கிறதே என்றேன். மழை வந்தால் அவள் தோழிகளின் வீடுகளுக்கெல்லாம் போன் செய்வேன்.

இத்தாலிக்காரர்களின் அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு உலகமெங்கும் கெட்ட பெயர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மகள் படித்துச் சொன்னாள். துருப்பிடிக்கும், விளக்கு எரியாது, மழைக்காலத்தில் கிளம்பாது, திடீரென்று தீப்பிடிக்கும். வைத்திருப்பவர்களே எழுதுகிறார்களாம், அழுகையும் பெருமையுமாக. கேட்டுவிட்டு என் கணவர், “பொய் இல்ல. ஆனா முழுசும் நெஜம் இல்ல” என்றார்.

அவர் சொன்னதை நான் இப்போது பலமுறை யோசித்துப் பார்க்கிறேன். பொய் இல்லைதான். தகடு மெல்லிசு. நம் ஊர் உப்புக்காற்றில் கதவின் அடிப்பக்கம் அப்பளம் மாதிரிப் பொரிந்து உதிர்ந்தது. வலது பக்கக் கண்ணாடி பாதியில் நின்றால் நின்றதுதான். திரும்பும்போது எரிய வேண்டிய விளக்கு தன் இஷ்டத்துக்கு எரியும். ஐப்பசி மழையில் அதை எழுப்ப முடியாது. அவ்வளவும் அந்த வண்டியின் குணம், அதைச் செய்தவர்களின் குறை. ஆனால் என் கணவர் கையில் இருந்தவரை அது நடுவழியில் நின்றதாக எனக்கு நினைவில்லை. பெட்ரோல் வாடை எப்போதும் அதில் உண்டு. அவருடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில்கூட அந்த வாடை இருக்கும். ஆனால் ஒரு சொட்டுக் கீழே விழ விடமாட்டார். முன்மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக, பெட்ரோல் வருகிற ரப்பர் பைப்புகளைக் கட்டை விரலால் நெடுக நீவுவார். பிறகு ஒவ்வொன்றாக வளைத்துப் பார்ப்பார். ரப்பர் காய்ந்துபோனால் வளைக்கும்போது மேல்தோலில் கோடு கோடாக வெடிப்பு தெரியும். தெரிந்தால் அன்றே கழற்றி வேறு மாற்றிவிடுவார். அதற்காக பிரான்சில் இருந்த நண்பர்களிடம் சொல்லிவைப்பார், ஊருக்கு வருகிறவர்கள் பெட்டியில் பிஸ்கட்டோடு ரப்பர் பைப்பும் வரும்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் பாதி போயின. பேச்சு திரும்பி வந்தது, மெதுவாக. கைத்தடியோடு வீட்டுக்குள் நடந்தார். ஆனால் குனிய முடியாது.

வண்டி கொட்டகையில் நின்றுவிட்டது. விற்றுவிடலாம் என்று நான் ஒரு தடவை சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பதிலுக்கு வண்டியைத் துடைக்க ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை தலை குளித்துவிட்டு, பூஜை அலமாரியைத் துடைத்த கையோடு கொட்டகைக்கும் போவேன். ஆயுத பூஜை அன்று முன்மூடியைத் திறந்து உள்ளேயும் துடைத்து, பொட்டு வைத்து, சூடம் காட்டுவோம். அவருக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொட்டகை வாசலில் உட்கார வைப்போம். அங்கிருந்து அவர் பார்த்துக்கொண்டிருப்பார். “அங்க ஒரு தூசி. அந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம்.” அந்த ஒரு நாள் அவர் முகம் பழைய முகமாக இருக்கும்.

முதல் வருஷமே நான் அந்த வெடிப்புகளைப் பார்த்தேன்.

இதை நான் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தெரியாமல் செய்ததல்ல. பைப்பைத் துணியால் துடைக்கும்போது, வளைவு திரும்புகிற இடத்தில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. பனிக்காலத்தில் என் குதிகாலில் வருகிற வெடிப்பு மாதிரியே இருந்தன. அவரிடம் சொன்னால் உடனே மாற்ற வேண்டும் என்பார். அவரால் முடியாது. தன்னால் முடியாது என்பது அன்றைக்கு, அந்த நாற்காலியில் வைத்து, அவருக்கு மறுபடியும் தெரியவரும். அதை நான் விரும்பவில்லை. குதிகாலுக்கு என்ன செய்வேனோ அதையே செய்தேன். சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து, துணியில் தொட்டு, பைப்புகளுக்கெல்லாம் தடவினேன். கோடுகள் மறைந்துவிட்டன. ரப்பர் கறுகறுவென்று பளபளத்தது.

“பைப்பெல்லாம் எப்படி இருக்கு?” என்று நாற்காலியிலிருந்து கேட்டார்.

“நீங்களே பாருங்களேன்” என்று விலகி நின்றேன்.

கழுத்தை நீட்டிப் பார்த்தார். “புதுசு மாதிரி இருக்குதே, டீச்சரம்மா” என்றார். அவர் என்னைக் கேலியாகக் கூப்பிடுவது அப்படித்தான். எனக்கு உள்ளுக்குள் நிறைந்துவிட்டது.

அடுத்த ஆயுத பூஜைக்கும் அதையே செய்தேன். அதற்கடுத்ததற்கும்.

ஜூலை பதினாலு பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். அன்று காலையில் எங்கள் ஊர்ச் சொல்தாக்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தருகே கூடுவார்கள். கொடி ஏறும், பாட்டுப் பாடுவார்கள், செத்துப்போனவர்களுக்கு மலர்வளையம் வைப்பார்கள். நோய் வந்ததிலிருந்து என் கணவர் போகவில்லை. ஆட்டோவில் போய் இறங்க அவருக்கு மனம் இல்லை. அந்த வருஷம் மகள் படிப்பை முடித்திருந்தாள். செப்டம்பரில் மேற்படிப்புக்கு பிரான்ஸ் போவதாக இருந்தாள்.

“அப்பாவ நான் இட்டுக்கினு போறேம்மா” என்றாள் ஒரு நாள் சாப்பிடும்போது. “நம்ம வண்டியிலயே.”

வாடகை ஓட்டுநர்கள் இடது ஸ்டியரிங் என்றாலே பயந்தார்கள். அவள் அதில்தான் ஓட்டக் கற்றவள். அவள் அப்பா நன்றாக நடமாடிய காலத்தில், நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் பார்த்து, புறவழிச் சாலைப் பக்கம் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதுகூட எனக்குத் தாமதமாகத்தான் தெரியும்.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று சொல்கிறவள். அன்று மட்டும், அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும், அவர் சோற்றைப் பிசையாமல் என்னையே பார்த்ததையும் கண்டு, “மெதுவா ஓட்டுறதா இருந்தா போ” என்றேன். நாலு சக்கரம், பக்கத்தில் அப்பா, பெரிய தூரமும் இல்லை. ஸ்கூட்டரைவிட இது மேல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதலியார்பேட்டையிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். பாட்டரி மாற்றினார், பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றினார், பிரேக்கைச் சரிபார்த்தார். எஞ்சினை எட்டிப் பார்த்துவிட்டு, “பைப்பெல்லாம் பளபளன்னு கீதே. மாத்திட்டீங்களா மேடம்?” என்று கேட்டார். நான் சிரித்தேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நன்றாகப் பாத்திரம் விளக்கியிருக்கிறாய் என்று யாரோ பாராட்டியதுபோல ஒரு சிரிப்பு.

அன்று காலை அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, பதக்கங்களைக் குத்திவிட்டேன். வண்டி தாழ்வானது. இடது ஸ்டியரிங் என்பதால் அவர் வலது பக்கம் உட்கார வேண்டும். அவருடைய கெட்ட காலும் அந்தப் பக்கம்தான். நானும் மகளும் சேர்ந்து மெல்ல இறக்கி உட்காரவைத்தோம். பெல்ட்டை நானே மாட்டினேன். கொக்கி இறுக்கமாக இருந்தது, இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது. மகள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேறக் காத்திருந்தாள். பெட்ரோல் வாடை வந்தது. எப்போதும் வருகிற வாடைதானே என்று மூவருமே இருந்தோம். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரர், “பாப்பா, தள்ளுறதுக்கு ஆளு வேணும்னா போன் பண்ணு” என்றார். “உங்க வண்டிய தள்ளுறதுக்கு நாங்க வரோம் அங்கிள்” என்று சொல்லிவிட்டு அவள் வண்டியை எடுத்தாள். என் கணவர் எனக்கு இடது கையால் சல்யூட் வைத்தார்.

நான் விடுப்புப் போட்டிருந்தேன். கொட்டகையைப் பெருக்கிவிட்டு, குளித்து, பஸ்ஸில் கடற்கரைக்குப் போவதாகத் திட்டம்.

விரலில் பெட்ரோல் காய்ந்ததும் நான் செய்த முதல் காரியம், மகளின் மொபைலுக்குப் போன் செய்தது. மணி போய்க்கொண்டே இருந்தது. அந்த எஞ்சின் சத்தத்தில் அவளுக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியும். மறுபடியும் செய்தேன். மறுபடியும் மணி போனது. துடைப்பம் கையில் இருப்பதைக்கூடக் கவனிக்காமல் பக்கத்து வீட்டு வாசலுக்கு ஓடினேன்.

“வண்டியில பெட்ரோல் ஒழுவுதுங்க. அவங்க போயிட்டாங்க.”

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கேலியாகத்தான் இருக்கும். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். சட்டைகூடப் போடவில்லை, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெள்ளைக் காரை எடுத்தார்.

விழுப்புரம் சாலையில் பள்ளிக்கூட நேர நெரிசல். முன்னால் ஒரு டவுன் பஸ், அதற்கு முன்னால் ஒரு மாட்டு வண்டி. நான் மறுபடி மறுபடி அந்த எண்ணையே அழுத்திக்கொண்டிருந்தேன். மணி போனது. மணி போனது. பிறகு ஒரு தடவை மணி போகவில்லை. நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடியும் அழுத்தினேன். மறுபடியும் அதே குரல், அதே பொறுமை.

“இன்னா சொல்லுது?” என்றார் அவர்.

“ஆஃப் பண்ணியிருக்குன்னு சொல்லுது.”

“சார்ஜ் எறங்கியிருக்கும் டீச்சர். இந்தக் காலத்துப் புள்ளைங்க எங்க சார்ஜ் போடுது.” அவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

நெல்லித்தோப்பு மார்க்கெட் தாண்டும்போது புகை தெரிந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நெருப்பு அடங்கியிருந்தது. கடைக்காரர்கள் மண்ணையும் தண்ணீரையும் வாரி இறைத்திருந்தார்கள். வண்டியின் முன்பாதி கறுத்து, வர்ணம் கொப்புளித்து, துணிக்கூரை எலும்பு எலும்பாக நின்றது. வலது பக்கக் கதவு சாலையைப் பார்த்து ஆவென்று திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. இரண்டு இருக்கைகளையும் நான் கையால் தடவிப் பார்த்தேனாம். பக்கத்து வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னார், எனக்கு அது நினைவில்லை. கதவுக்குக் கீழே தார்ச்சாலையில் மகளின் செருப்பு ஒன்று கிடந்தது நினைவிருக்கிறது.

பூ விற்கிற அம்மாள் ஒருவர் என் தோளைப் பிடித்தார். “உம் பொண்ணாம்மா? உசுரோடதாம்மா இருக்குது. மொத இத மனசுல வை.”

“எங்க?”

“ரெண்டு பேரையும் ஆட்டோல ஏத்தி உட்டோம். அது எறங்கி ஓடிப் பொழைச்சிருக்கலாம். சுத்திக்கினு இந்தப் பக்கம் வந்து, பஸ்ஸு வர்றதகூடப் பாக்காம, அந்தப் பெரியவர இழுக்குது. பெல்ட்டு கழலல. ‘நீ போ, நீ போ’ன்னு அவுரு அடிக்கிறாரு அத. அது உடுல. அதுக்குள்ள நெருப்பு உள்ள வந்துடுச்சி. எப்படியோ இழுத்து வெளிய போட்டுடுச்சி.”

“அடி பட்டுதா?”

அந்த அம்மாள் பதில் சொல்வதற்குமுன் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். “கையில பட்டுது. எம்மாந்தூரம்னு தெரிலமா. மூஞ்சிய நான் பாக்கல, தலையெல்லாம் புகையா இருந்துது.”

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். பெரியாஸ்பத்திரி என்றார் ஒருவர். இல்லை, தீக்காயம் என்றால் கோரிமேட்டுக்குத்தான் போகச் சொன்னேன் என்றார் இன்னொருவர். ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். 

“நீ இங்கியே இரு டீச்சர்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். “திரும்பி வந்தாங்கன்னா யாராவது இருக்கணும். நான் ரெண்டு எடமும் பாத்துட்டு போன் பண்றேன்.” போகும்முன் எரிந்த வண்டியை ஒருமுறை பார்த்தார். இத்தனை வருஷம் அதைக் கிண்டல் செய்தவர். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

இப்போது அந்தக் கிண்டலை மற்றவர்கள் செய்தார்கள். கூட்டம் கலையவே இல்லை.

“இன்னா வண்டிபா இது?”

“இத்தாலியாம். ஃபாரின்.”

“ஃபாரின்னா? எம் மச்சான் துபாய்ல ஒர்க் ஷாப்புல கீறான். இத்தாலி வண்டி வந்தாலே மொதலாளி தீயணைக்கிற டப்பாவ எடுத்துப் பக்கத்துல வெச்சிக்குவானாம்.”

“பாக்கத்தான் ஷோக்கு. சினிமா நடிகை மாதிரி.”

“இதுல போய்ப் பொம்பளப் புள்ளய ஓட்ட உட்டிருக்கான் பாரு அப்பன்காரன்.”

சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார். சின்ன வயது. மரியாதையாகத்தான் கேட்டார்.

“உங்க வண்டியாம்மா? எப்படிமா ஆச்சு?”

“பெட்ரோல் ஒழுகியிருக்கு.”

“இந்த மாதிரி வண்டிங்களே அப்படித்தாம்மா. பேரு கெட்ட வண்டி. கேள்விப்பட்டிருக்கேன்.”

நான் வாயைத் திறந்தேன். மூளைக்குள் வாக்கியம் தயாராக இருந்தது. வண்டி மேல தப்பில்லைங்க, நான்தான். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. என் வாயிலிருந்து வந்தது, “ரொம்பப் பழைய வண்டிங்க” என்பதுதான். அவர் தலையாட்டிவிட்டு எழுந்துகொண்டார்.

முன்மூடியை யாரோ கம்பியால் நெம்பித் திறந்து வைத்திருந்தார்கள். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து உள்ளே தெரிந்தது. பைப்புகள் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ரப்பர் முழுக்க எரிந்து, பிடித்திருந்த இரும்பு வளையங்கள் மட்டும் மிச்சமாகத் தொங்கின. வெடிப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. நான் சொல்லாதவரை யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு வந்த வேகத்தை எண்ணி இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. மகள் உயிரோடு எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று தெரியாமல் தெருவில் உட்கார்ந்திருக்கிறேன், அப்போதும் எனக்குள் ஒருத்தி தடயம் எரிந்துவிட்டதைக் கவனிக்கிறாள்.

கெட்ட பெயர் எப்படி உண்டாகிறது என்பதை அன்று அந்த நடைபாதையில் பார்த்தேன். யாரும் பொய் சொல்லவில்லை. வண்டி இத்தாலியுடையது, எரிந்தது, எல்லாரும் கண்ணால் கண்டார்கள். அதை ஓட்டாமல் நிறுத்திவைத்த வருஷங்களை யாரும் காணவில்லை. பைப்பைக் காணவில்லை. உலகத்தில் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் இப்படித் துடைத்து, மூடி, சூடம் காட்டி, வேண்டியதைச் செய்யாமல் விட்டிருப்பார்கள்? அத்தனையும் அந்த வண்டிகளின் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கும். கதவு துருப்பிடித்தது வண்டியின் தப்பு. கண்ணாடி ஏறாதது வண்டியின் தப்பு. இது இல்லை.

பூக்கார அம்மாள் ஒரு சோடா வாங்கிவந்து என் கையில் திணித்தார். குடிக்க முடியவில்லை. அவர் கூடையை என் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “எனக்கும் ரெண்டு பொண்ணுங்கதாம்மா” என்று மட்டும் சொன்னார். கையில் இருந்த போன் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர்.

“கோரிமேட்டுல இல்ல டீச்சர். எமர்ஜென்சி முழுக்கத் தேடிட்டேன். பயப்படாத, நான் பெரியாஸ்பத்திரிக்கு வண்டிய உடுறேன்.”

கோரிமேட்டில் இல்லை என்றால் காயம் பெரியதில்லை என்று ஒரு மனம் சொன்னது. அங்கே கொண்டுபோக நேரமே இருக்கவில்லை என்று இன்னொரு மனம் சொன்னது. செருப்பை மடியில் வைத்துக்கொண்டேன். இடது கால் செருப்பு. வார் அறுந்திருந்தது.

டவுன் பக்கமிருந்து வந்த ஆட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒவ்வொன்றும் தாண்டிப் போனது. தாண்டிப் போகாத ஒன்று, எரிந்த வண்டிக்கு எதிர்ப்பக்கம் நின்றது. அதிலிருந்து வெறுங்காலோடு மகள் இறங்கினாள். வலது கை முழங்கைவரை வெள்ளைக் கட்டு. நெற்றியோரத்து முடி பொசுங்கிச் சுருண்டிருந்தது. முகத்தில் கரி. முகம் முழுசாக இருந்தது. கண்கள் இருந்தன. ஆட்டோவுக்குள் வேறு யாரும் இல்லை.

நான் எப்படி எழுந்தேன், சாலையை எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. அவளைப் பிடித்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் காலியாக இருந்த இருக்கையையே பார்த்தேன்.

“அப்பா நல்லா இருக்காரும்மா” என்றாள். புகையில் குரல் கம்மியிருந்தது. “பெரியாஸ்பத்திரில படுக்க வெச்சிருக்காங்க. பிரஷர்தான் ஜாஸ்தி. உன்ன இட்டுக்கினு போக வீட்டுக்குத்தான் வந்துக்கினு இருந்தேன். வா, ஏறு.”

நான் ஏறவில்லை. அவள் கட்டுப் போட்ட கையைத் தொடப் போய், தொடாமல் நின்றேன். அவள் அதைக் கவனிக்காமல் வேகவேகமாகப் பேசிக்கொண்டே போனாள்.

“வந்து அவுர ஒண்ணும் திட்டிடாதம்மா. நானே எல்லாத்தயும் பாத்தேன், பைப்ப பாத்தேன், என் கண்ணுக்குத் தெரியாம போச்சேன்னு அழுதுட்டே இருக்காரு. எம் பொண்ண நானே கொளுத்தப் பாத்தேன்னு சொல்றாரு. டாக்டர் சொல்லியும் கேக்க மாட்றாரு, நான் சொல்லியும் கேக்க மாட்றாரு. நீ வந்து அது அவுரு தப்பு இல்லன்னு சொல்லும்மா. நீ சொன்னாத்தான் நம்புவாரு.”